நோயாளிக்குக் காது மந்தம்

திருத்தணிக்கு என்னை அனுப்பியபோது கம்பெனியில் அதைப் பதவி உயர்வு என்றுதான் சொன்னார்கள். அரக்கோணம் ரோட்டில் ஒரு தனியார் புற்றுநோய் கிளினிக். அவர்களுக்கு நாங்கள் விற்ற மைக்ரோவேவ் ஹைபர்தெர்மியா மெஷினை ஆறு மாதம் கூடவே இருந்து ஓட்டிக்கொடுக்க வேண்டும். பதவி உயர்வில் எனக்குக் கிடைத்தவை மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசையும், கிருத்திகைக்குக் கிருத்திகை காலி பண்ணச் சொல்லும் ஒரு லாட்ஜ் அறையும்.

மெஷினில் பன்னிரண்டு ஆன்டெனா. ஒவ்வொன்றின் ஃபேஸையும், அதாவது அலை கிளம்பும் கணத்தையும், சரியாக வைத்தால், பன்னிரண்டு அலைகளும் உடம்புக்குள் ஒரே இடத்தில் போய்க் கூடும். கட்டி நாற்பத்திரண்டு டிகிரிக்குச் சூடாகும். கூடவே கொடுக்கும் ரேடியேஷன் நன்றாகப் பிடிக்கும். மேல்தோல் வெந்துபோகாமலிருக்க ஆன்டெனாவுக்கும் தோலுக்கும் நடுவே போலஸ் என்ற தண்ணீர்ப் பை. தோலில் எட்டு சென்சார்.

"எட்டும் பச்சையா இருக்கா? அப்ப பேஷன்ட் கம்ஃபர்டபிளா இருக்காங்க," என்பார் எங்கள் மேனேஜர், சென்னையிலிருந்து, போனில். நோயாளியைப் பார்க்காமலே இவ்வளவு சொல்லக்கூடியவர் மேனேஜராகாமல் வேறு என்ன ஆவார்?

இருந்தாலும் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை "சுடுதா?" என்று நோயாளியிடம் கேட்டாக வேண்டும். அது விதி.

சரோஜாம்மாவின் இரண்டாவது சிட்டிங்

சரோஜாம்மா பொதட்டூர்ப்பேட்டைப் பக்கம் பவர்லூம் ஓட்டுகிறவர். மார்பில் ஆபரேஷன் செய்த இடத்திலேயே கட்டி மறுபடி வந்திருந்தது. இன்னொரு ஆபரேஷன் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் சூடும் ரேடியேஷனும்தான் மிச்சம்.

பத்தாவது நிமிடம் கேட்டேன். "சுடுதாம்மா?"

"ஆங்."

நான் திருநெல்வேலிக்காரன். எனக்குத் தெரிந்த 'ஆங்', காதில் விழவில்லை, இன்னொரு தடவை சொல் என்பதுதான். முப்பது வருஷம் தறிச் சத்தத்தில் நின்றவர், பாவம், காது போயிருக்கும் என்று இரக்கப்பட்டேன். என் இரக்கத்துக்கு அன்று ஒரு குறைச்சலும் இல்லை. குரலை உயர்த்தினேன்.

"சுடுதாம்மா?"

"ஆங், ஆங்."

இன்னும் கத்தினேன். அவரும் விடாமல் ஆங் என்றார். ரெஜிஸ்டரில் 'நோயாளிக்குக் காது மந்தம்' என்று அழகான கையெழுத்தில் எழுதினேன். எட்டு சென்சாரும் பச்சை.

உள்ளூர் நர்ஸ் வரலட்சுமி பக்கத்து அறையிலிருந்து ஓடி வந்தார். "அந்தம்மா ஆமா ஆமான்னு சொல்லிகினே கீறாங்க, நீங்க என்னா சார் திரும்பத் திரும்பக் கேட்டுகினு கீறீங்க? மொதல்ல ஆஃப் பண்ணுங்க."

அணைத்துவிட்டுப் பார்த்தால், போலஸ் பையில் ஒரு காற்றுக் குமிழி. அது நின்ற இடத்தில் தண்ணீர் இல்லை, சென்சாரும் இல்லை. தோல் கொப்புளித்திருந்தது.

"ஏம்மா, கையைத் தூக்கியாவது காட்டியிருக்கலாமே?" என்றேன்.

"நீ கேட்டப்பல்லாம் ஆங்னு சொன்னேனே நைனா. சொல்லியும் நிறுத்தல. சரி, வைத்தியத்துக்கு இவ்ளோ சுடணும்போலன்னு பல்லக் கடிச்சிகினு படுத்துகினு இருந்தேன்."

கொப்புளம் ஆறும்வரை சிகிச்சை வேண்டாம் என்றார் டாக்டர். சரோஜாம்மாவுக்குக் கொப்புளம் ஒரு பொருட்டே இல்லை.

"இது ஆறிடும். அதுக்குள்ள உள்ள கீறது வளராம இருக்குமா? அத மட்டும் சொல்லு."

அவமானமாக இருந்தது. மாடிப்படிக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டேன்.

"பேஷன்ட் கம்யூனிகேஷன் ப்ராப்ளம்னு போட்டுடுங்க," என்றார் மேனேஜர். நான் சர்வீஸ் ரிப்போர்ட்டில் 'பழுதான பாகம்' என்ற கட்டத்தில் 'ஆபரேட்டரின் காது' என்று எழுதி அனுப்பினேன். மறுநாள் ஹெட் ஆபீஸிலிருந்து பதில் வந்தது: 'பார்ட் நம்பர் குறிப்பிடவும்.'

பதினைந்து நாள் கழித்து சரோஜாம்மா வந்தார். டாக்டர் அளந்து பார்த்துவிட்டு, கட்டி அரை சென்டிமீட்டர் வளர்ந்திருக்கிறது, தொடரலாம் என்றார். சரோஜாம்மா படுத்தார். நான் போலஸ் பையை மூன்று முறை தடவிப் பார்த்துவிட்டு மெஷினைப் போட்டேன்.

"சுடுதாம்மா?"

"இன்னும் இல்ல. நீ கேட்டுகினே இரு, நைனா."

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். தமிழில் கேட்பது என்றால் இரண்டு வேலை. நான் அன்று ஒன்றை மட்டும் செய்தேன். மற்றதைச் செய்யாததன் அளவுதான் அந்த அரை சென்டிமீட்டர். அது என் உடம்பில் வளரவில்லை.