ஊருக்குப் போனதாகச் சொல்

தோட்டத்தில் என்னைப் பட்டாளத்தார் என்றுதான் கூப்பிடுவார்கள். பெயருக்கு ஏற்ற வீரம் ஒன்றும் என்னிடம் இருந்ததில்லை. போர்க்காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு எகிப்துப் பக்கம் மூன்றரை வருடம் இருந்தேன். துப்பாக்கி பிடித்ததைவிட மண்வெட்டி பிடித்ததுதான் அதிகம். பாதை போட்டோம், பெட்டி சுமந்தோம், குழி வெட்டினோம். தேயிலை இல்லையே தவிர, அதுவும் ஒரு தோட்டம்தான். விடிந்ததும் வரிசையில் நிறுத்தி ஆள் எண்ணுவதற்கு இங்கேயும் பெரட்டு என்று பெயர், அங்கேயும் பெரட்டு என்றே பெயர். அங்கே பேசிய இங்கிலீஷில் அந்த ஒரு வார்த்தைதான் எனக்குப் புரிந்தது.

இலங்கைக்குச் சுதந்திரம் வந்த வருடம் நான் மஸ்கெலியாவுக்கு மேலே உள்ள எங்கள் தோட்டத்தில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தேன். பெரட்டுக்குத் தப்புப் பறை அடிக்கும் முன்பே எழுந்து, கம்பளியை மூலைக்கு மூலை சேர்த்து மடித்து வைத்து, முகம் வழித்துவிடுவேன். கூலி வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும் லயத்தில் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். கம்பளியைப் பார்க்க இன்றைக்கு எந்தத் துரை வருகிறார் என்று என் மனைவியே கேலி செய்வாள். அவள் கொழுந்து எடுப்பவள், வாய்த்துடுக்கு உள்ளவள். அந்தத் துடுக்கு பிற்பாடு இல்லாமல் போனதற்கு நான்தான் காரணம்.

எங்களுக்கு ஒரு மகள். நான் பட்டாளத்துக்குப் போனபோது கைக்குழந்தை. திரும்பி வந்தபோது என்னைக் கண்டு கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். தூக்க வேண்டும் என்று தோன்றியது, தூக்கவில்லை. பிறகு பழகிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அப்படிப் பல காரியங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறேன். கால் மரத்துப்போனால் உதறினால் சரியாகிவிடும். எனக்கு மரத்துப்போனது எது என்று தெரிந்தால்தானே உதறுவதற்கு?

பிறகு ஒரு பையன் பிறந்தான். எட்டாம் மாதம் காய்ச்சலில் போய்விட்டான். அவனுக்குக் குழியை நானே வெட்டினேன். பட்டாளத்துப் பழக்கம், நூல் பிடித்த மாதிரி நாலு பக்கமும் நேராக வெட்டியிருக்கிறேன். கூட வந்தவர்கள் லயத்துக்குப் போய் அதைப் பெண்களிடம் சொல்லியிருக்கிறார்கள். குழி ரொம்ப நேராக வந்ததாமே என்று அன்று மாலை என் மனைவி கேட்டாள். ஆமாம் என்று பதில் சொன்னேன். எனக்கு அழுகை வரவில்லை. வந்தால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று மட்டும் நினைத்தேன்.

இனி நான் சொல்ல வேண்டியது ஒரு பொய்யைப் பற்றி.

பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கிளம்பியபோது எனக்கு ஒரே பயம். தோட்டத்து வேலையை விட்டுவிட்டுப் பட்டாளத்துக்கு ஓடிவிட்டான் என்று துரைக்குத் தெரிந்தால், மனைவியையும் பிள்ளையையும் லயத்தில் எங்களுக்குக் கொடுத்த அறையான காம்பராவை விட்டு வெளியே போடுவார். ஊருக்குப் போகிறவர்களின் குடும்பத்தை அப்படிச் செய்வதில்லை. எங்கள் பேச்சில் ஊர் என்றால் இந்தியா. இங்கேயே பிறந்து, அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர்களும் அதை ஊர் என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படிப்பட்டவன்தான். ஆகவே, யார் கேட்டாலும் நான் ஊருக்குப் போயிருப்பதாகச் சொல் என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனேன். பட்டாளத்திலும் என் பெயரைக் கொடுக்கவில்லை. தோட்டத்திலிருந்து தேடி வருவார்கள் என்று பயந்து, செத்துப்போன மாமன் பெயரைக் கொடுத்தேன்.

அவள் சொன்ன சொல் தவறவில்லை. துரை கேட்டார், கணக்கப்பிள்ளை கேட்டார், மருந்து கொடுக்கிற ஐயா கேட்டார். கால்சட்டை போட்டவர் யார் கேட்டாலும் அவளிடம் ஒரே பதில்தான். கணக்கப்பிள்ளையும் ஆள் வருகை எழுதும் செக்ரோலில் என் பெயருக்கு நேரே ‘ஊர்’ என்று எழுதிவைத்தார். நான் திரும்பி வந்தபோது துரை மாறியிருந்தார். புதியவரிடம் உண்மையைச் சொன்னேன், சிரித்துவிட்டு வேலை கொடுத்தார். லயம் முழுக்கத் தெரிந்துபோயிற்று, பட்டாளத்தார் என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. செக்ரோலை மட்டும் யாரும் திருத்தவில்லை. இனிமேல் அப்படிச் சொல்ல வேண்டியதில்லை என்று நானும் அவளிடம் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்த விஷயத்தை வீட்டில் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதற்குள் சட்டம் வந்துவிட்டது. இங்கே பிறந்திருந்தாலும் நாங்கள் இந்த நாட்டுப் பிரஜைகள் இல்லை என்றார்கள். வேண்டுமானால் மனுப் போட்டு, இத்தனை வருடம் நாட்டைவிட்டுப் போகாமல் இருந்ததைக் காட்ட வேண்டும். மஸ்கெலியாவில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் ஒருவர், எல்லாரும் நானா என்று கூப்பிடும் அண்ணன், அவர்தான் எங்களுக்கு மனு எழுதித் தந்தார். நான் பட்டாளத்தில் இருந்ததை விவரமாக எழுதினார். ராஜாவுக்காகப் போனதை ஊருக்குப் போனதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்பது அவருடைய நம்பிக்கை. விசாரணைக்குக் கூப்பிடுவார்கள், அங்கே கணவனும் மனைவியும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார். இரண்டு தடவையும் தலையாட்டினேன்.

விசாரணை ஹட்டனில். பஸ்ஸில் போகும்போது என் மனைவி, உள்ளே என்ன கேட்பார்கள் என்று கேட்டாள். கேட்டதற்குப் பதில் சொன்னால் போதும் என்றேன். நோர்வூட் தாண்டிய பிறகு ஹட்டன் வரைக்கும் நாங்கள் ஒன்றும் பேசவில்லை. பேச நேரம் இருந்தது.

முதலில் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்கள். அவள் வெளியே வந்ததும் என்னைக் கூப்பிட்டார்கள். அதிகாரி சிங்களவர், பக்கத்தில் தமிழில் சொல்ல ஓர் ஆள் இருந்தார். பட்டாளத்திலிருந்து விடுவித்தபோது கொடுத்த காகிதத்தை எடுத்து வைத்தேன். அதில் இருக்கிற பெயர் யாருடையது என்று கேட்டார்கள். மாமன் கதையைச் சொன்னேன். சொல்லும்போதே எனக்கே அது கட்டுக்கதையாகத்தான் பட்டது. அதிகாரி கோப்பைப் புரட்டி ஏதோ சொல்ல, தமிழ் சொல்பவர் என் பக்கம் திரும்பினார்.

“நீங்க இந்தியாவுக்குப் போயிருந்ததா ஒங்க சம்சாரம் சொல்றாங்க. செக்ரோல்லயும் அப்படித்தான் எழுதியிருக்கு. இதுல யாரு சொல்றது பொய்?”

“ரெண்டு பேருமே பொய் சொல்லலைங்க,” என்றேன்.

பட்டாளத்தில் கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிப் பழகியவன். அதிகாரி பேனாவை மூடினார்.

வெளியே என் மனைவி பஸ் நிற்கும் இடத்தில் காத்திருந்தாள். முகத்தில் ஒரு தெளிவு. அதிகாரி நாலு விதமாக மாற்றி மாற்றிக் கேட்டாராம், இவள் அசையவில்லையாம். காம்பராவைக் காப்பாற்றியவள் அல்லவா, அதே வாய்தான் இன்றைக்கும் காப்பாற்றும் என்று நினைத்திருக்கிறாள். “சரியாத்தானே சொன்னேன்?” என்று கேட்டாள். நான் “ம்” என்றேன்.

சில மாதம் கழித்துக் கடிதம் வந்தது. நானா அதைக் கடையில் நின்றபடியே படித்து, மனு தள்ளுபடி என்றார். ஏன் என்பதையும் படித்தார். அவர் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார், ஆனால் கடையில் வேறு ஆட்கள் நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. புருஷன் பட்டாளத்துக்குப் போய் வந்தும் பொண்டாட்டி வாயால் கெட்டது என்றார்கள். தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் அவள் குடம் வைக்கும்போது பேச்சை நிறுத்தினார்கள். நான் அதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஒருநாள் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தபோது அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“நீங்க சொல்லச் சொன்னதத்தானே சொன்னேன்?”

“விடு,” என்றேன்.

அதற்குப் பிறகு அவள் அதைக் கேட்கவில்லை. கேலி பேசுவதையும் நிறுத்திவிட்டாள். உண்மையைச் சொல்லியிருந்தாலும் கிடைத்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. ஒரு தப்பும் இல்லாமல் மனுப் போட்ட எத்தனையோ பேருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அந்தச் சமாதானத்தை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், அவளுக்குச் சொல்லவில்லை.

வருடங்கள் போயின. மகளை நல்லதண்ணிப் பக்கம் ஒரு தோட்டத்தில் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளை வீட்டாருக்குப் பிரஜாவுரிமை கிடைத்திருந்தது. கல்யாணத்தின்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு இரண்டு நாட்டுப் பிரதமர்களும் உட்கார்ந்து எங்களைப் பிரித்துக்கொண்டார்கள். இத்தனை பேர் அங்கே, இத்தனை பேர் இங்கே. மகள் இங்கே, நாங்கள் அங்கே என்று ஆகும் போலிருந்தது. எல்லாரும் இந்தியாவுக்குப் போக விண்ணப்பப் பாரம் வாங்குகிறார்கள் என்று நானும் ஒன்று வாங்கி வந்தேன். வரிசை நின்றால் போய் நிற்பவன் நான். பயமோ துக்கமோ எதுவும் வரவில்லை.

பாரம் வாங்கியதைக் கேள்விப்பட்டு மகள் கைக்குழந்தையோடு வந்தாள். வந்ததும் அம்மாவிடம்தான் பாய்ந்தாள். அவளுக்கும் லயத்துப் பேச்சுத்தான் தெரியும்.

“அன்னைக்கு நீங்க ஒரு வார்த்த ஒழுங்கா சொல்லியிருந்தா, நாங்க ஏம்மா இப்படிப் பிரியணும்?”

என் மனைவி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. அவள் பதில் சொல்லப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்தது. இத்தனை வருடமும் அவள் யாரிடமும் அதைச் சொல்லவில்லை, பெற்ற மகளிடம்கூட. எனக்கு அப்போதுதான் வெட்கம் வந்தது. உடம்பெல்லாம் சூடாயிற்று. பல வருடத்துக்குப் பிறகு எனக்குள் ஏதோ ஒன்று சுட்டது.

“உங்கம்மா மேல தப்பு இல்ல,” என்றேன். “அப்படிச் சொல்லச் சொன்னதும் நான்தான். மாத்திச் சொல்லணும்னு சொல்லாம கூட்டிட்டுப் போனதும் நான்தான்.”

மகள் என்னைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்து, ஏன் இதை இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டாள். என் மனைவி முறத்தைக் கீழே வைத்தாள்.

“அவரு சொல்லுவாருன்னு இருந்தேன்,” என்றாள். பிறகு என்னிடம் திரும்பி, “சொல்லிட்டீங்கள்ல. இப்ப நான் ஒண்ணு சொல்றேன். நான் வரல. நீங்க போறதுன்னா போங்க. நான் மகளோட இங்கதான் இருப்பேன்,” என்றாள்.

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அழவில்லை. நான் வெளியே போய் வாசலில் நின்றேன். கண்ணில் தண்ணீர் வந்தது. எதற்காக வந்தது என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது, பையனுக்காகவும் சேர்த்து வந்திருக்கலாம்.

பாரத்தை எடுத்துக்கொண்டு தனியாகக் கண்டியில் உள்ள இந்திய அலுவலகத்துக்குப் போனேன். வரிசை நீளமாக இருந்தது. என் முறை வந்ததும் மேசைக்குப் பின்னால் இருந்தவர் குடும்பத்தில் எத்தனை பேர் போகிறீர்கள் என்று கேட்டார். யாரும் போகவில்லை என்றேன். அப்படியென்றால் ஏன் வரிசையில் நின்றாய் என்று எரிந்து விழுந்தார். அவர் கேட்டது நியாயம்தான். வெற்றுப் பாரத்தை மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன். இனி எங்களுக்கு அந்த நாடும் இல்லை, இந்த நாடும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவியை உட்காரச் சொன்னேன். அங்கே அவர் என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன் என்று ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

“சரி,” என்றாள். “யாராவது வந்து கேட்டா நானும் அப்படியே சொல்லிர்றேன்.”