கண்ணாடி மேஜையின் பின்பக்கம்

எண்பத்து மூன்றாம் வருஷம், மலேசியாவில், ஈப்போ சிலிபினில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் இது நடந்தது. வீடு என்றால் இரண்டே அறை. அந்த இரண்டு அறைக்குள் நான்கு டிரெஸ்ஸிங் டேபிள், மூன்று கட்டில் தலைப்பலகை, படுக்கைக்குப் பக்கத்தில் வைக்கிற குட்டி அலமாரி ஐந்து. மிச்ச இடத்தில் நானும் என் வீட்டுக்காரரும் இரண்டு பிள்ளைகளும். "இந்த வூட்ல மனுசங்கள விட கண்ணாடிதான் ஜாஸ்தி லா" என்று வருகிறவர்களிடம் எல்லாம் அவர் சொல்லிச் சிரிப்பார். சொல்லிவிட்டு, அடுத்த வாரமே தன் லாரியில் இன்னொன்றை ஏற்றிக்கொண்டும் வருவார். அவரை மாதிரி மனிதர் எல்லோருக்கும் அமையாது.

எனக்குக் கிடைத்ததை எல்லாம் வாங்குகிற பழக்கம் இல்லை. ஐம்பதுகளில் செய்த தேக்குச் சாமான்தான் வேண்டும். பூ வேலை, சிங்கக் கால் எதுவும் இருக்காது. கால்கள் மெலிசாக, பிறந்த ஆட்டுக்குட்டி எழுந்து நிற்கும்போது அகட்டி வைக்குமே, அப்படி இருக்கும். லாச்சிக்கு, அதாவது இழுப்பறைக்கு, கைப்பிடிகூடக் கிடையாது. மரத்திலேயே விரல் நுழைகிற அளவுக்கு ஒரு குழி செதுக்கியிருப்பார்கள். வெள்ளைக்காரத் துரைமார்கள் தோட்டங்களை விட்டுப் போன பிறகு இந்தச் சாமான்கள் பேராக் மாநிலம் முழுக்கச் சிதறிப் போயின. ஊரே அப்போது பளபள ஃபார்மைக்கா மேஜைக்கு மாறிக்கொண்டிருந்தது. நான் மட்டும் பழைய சாமான் கடைகளில் தூசியில் தும்மிக்கொண்டு நிற்பேன்.

எல்லாம் ஒரே ஒரு கண்ணாடி மேஜைக்காக.

சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் நான். என் அம்மா துரை பங்களாவில் ஆயா. படுக்கையறையைக் கூட்டித் துடைப்பது, துணி மடிப்பது அவர் வேலை. எனக்கு ஏழு வயது இருக்கும்போது ஒருநாள் காய்ச்சல். தொழிலாளர் லயத்து வீட்டில் தனியாக விட மனமில்லாமல் அம்மா என்னையும் பங்களாவுக்குக் கூட்டிப் போனார். பின்வாசல் வழியாகப் போய், அந்த அறைக் கதவோரம் உட்கார வைத்தார். அங்கேதான் அதைப் பார்த்தேன். வட்டக் கண்ணாடி, பக்கத்தில் மூன்று லாச்சி, முன்னால் ஒரு குட்டி ஸ்டூல். எனக்கு ஜுரம் போன இடம் தெரியவில்லை. எழுந்து ஓடி அந்த ஸ்டூலில் உட்காரப் போனேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்த இழுப்பில் தோள்பட்டை இரண்டு நாள் வலித்தது.

பிறகு துரை போனார், தோட்டம் துண்டு துண்டாக விலைபோனது. பங்களாச் சாமான்களை ஒரே நாளில் ஏலம் போட்டு லாரியில் ஏற்றிவிட்டார்கள். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. அம்மா பங்களா வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அழவில்லை. வீட்டுக்கு வந்து சோறு பொங்கினார். ஆனால் அதற்குப் பிறகு பேச்சுவாக்கில் அந்த மேஜை எப்படியாவது வந்துவிடும்.

"ஒம்போது வருசம் தொடச்சேன். அதுல என் மூஞ்சிய ஒரு நாளும் பாத்ததில்ல" என்பார். கண்ணாடி தாழ்வாக இருக்கும், உட்கார்ந்தால்தான் முகம் தெரியும். நின்று துடைக்கிறவருக்கு வயிறும் கையும்தான் தெரியும். அம்மா இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்லுவார். எனக்குத்தான் சிரிப்பு வராது.

படித்து, ஈப்போவில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு வேலைக்கு வந்தேன். எழுபத்தைந்தில் முதல் மேஜையை வாங்கி, தோட்டத்தில் தம்பி வீட்டில் இருந்த அம்மாவை வரவழைத்து, "ஒக்காரும்மா" என்றேன். அம்மா அதைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"இது அது இல்ல. ஒக்காந்தா நான் அதுலதான் ஒக்காருவேன். கண்டவங்க மேஜையில எல்லாம் ஒக்கார மாட்டேன் லா."

விளையாட்டாகச் சொன்னாரோ, வீம்புக்குச் சொன்னாரோ, நான் அதைப் பிடித்துக்கொண்டேன். அம்மாவை அந்த மேஜை முன்னால் ஒரு தடவை உட்கார வைக்காமல் விடுவதில்லை என்று முடிவு பண்ணிவிட்டேன். எட்டு வருஷத்தில் நான்கு மேஜை. ஒவ்வொன்றுக்கும் அம்மா பஸ் பிடித்து வருவார். தேத்தண்ணி குடிப்பார். "சொவத்துலேர்ந்து கொஞ்சம் தள்ளு" என்பார். பின்பக்கம் போய்க் குனிந்து, மேல் ஓரத்தை விரலால் தடவிப் பார்ப்பார். கையைத் தட்டிக்கொண்டு வெளியே வந்து, "இது இல்ல" என்பார். நான்கு தடவையும் இதேதான். பழைய மரமாயிற்றே, கரையான் இருக்கிறதா என்று பார்க்கிறார் போல என்று நானும் விட்டுவிட்டேன்.

ஐந்தாவது மேஜை தைப்பிங்கில் கிடைத்தது. வீட்டுக்காரருக்கு அங்கே ஒரு லோடு இருந்தது, நானும் தொற்றிக்கொண்டேன். வழக்கம்போல அங்கே மழை. ஒதுங்கப்போன பழைய சாமான் கடையில், இரும்புக் கட்டில்களுக்குப் பின்னால் அந்த வட்டக் கண்ணாடி தெரிந்தது. ஓரமெல்லாம் கறுப்புப் புள்ளி விழுந்திருந்தது. மூன்று லாச்சி, விரல் குழி, அகட்டிய கால். ஸ்டூல்கூட இருந்தது. எனக்கு ஏழு வயதுக் காய்ச்சல் திரும்ப வந்த மாதிரி உடம்பு சுட்டது. கடைத் தவுக்கே, அதாவது சீன முதலாளி, "எஸ்தெத் பங்களா பாராங், பாகுஸ் லா!" என்று, எஸ்டேட் பங்களாச் சாமான், அருமையானது என்று மலாயில் சொல்லிக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். எந்த எஸ்டேட் என்று கேட்டேன். "தா தாவு லா", தெரியாது என்று கையை விரித்துவிட்டார். அவருக்கு எப்படித் தெரியும்? எத்தனையோ கை மாறி வந்திருக்கும்.

இந்தத் தடவை அம்மாவுக்கு உடனே சொல்லவில்லை. புதுசு மாதிரி ஆக்கிவிட்டுக் காட்ட வேண்டும் என்று ஆசை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வேலை செய்தேன். மூன்று லாச்சியும் மாட்டி மாட்டி வந்தன, இழைத்து மெழுகு தேய்த்தேன். உப்புத்தாளால் பழைய பாலிஷை எல்லாம் எடுத்தேன். சுவரைப் பார்த்து இருக்கப்போகிற பின்பலகையை யாரும் தொடமாட்டார்கள். எனக்கு அரைகுறை வேலை பிடிக்காது. தூசி, சிலந்திக்கூடு, பசை எல்லாவற்றையும் சுரண்டினேன். மேல் ஓரத்தில் வரிசையாக, மிளகு அளவில் செம்பழுப்புப் புள்ளிகள் இருந்தன. ஆணித் துரு என்று நினைத்தேன். அழுத்தித் தேய்த்ததில் உப்புத்தாள் சிவந்துபோனது. ஆணி அடித்த ஓட்டை ஒன்றையும் காணோமே என்று ஒரு நொடி தோன்றியது. தோன்றியதோடு சரி. வெயில் இறங்குவதற்குள் பாலிஷ் போட்டாக வேண்டும் என்ற அவசரம் எனக்கு.

அம்மா தீபாவளிக்கு முந்தின வாரம் வந்தார். அறை வாசலில் அப்படியே நின்றுவிட்டார். கையில் இருந்த பையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. மெதுவாகப் பக்கத்தில் வந்து லாச்சிக் குழியில் விரலை நுழைத்தார்.

"நடு லாச்சி கொஞ்சம் மாட்டும்" என்று சொல்லிக்கொண்டே இழுத்தார். அது வழுக்கிக்கொண்டு வந்தது. அம்மா முகம் லேசாக வாடியது. "மூணுமே மாட்டுச்சும்மா, நான்தான் இழைச்சேன்" என்று அவசரமாகச் சொன்னேன். சரி சரி என்று தலையாட்டிவிட்டு, "தள்ளு, பின்னாடி பாக்கணும்" என்றார்.

இந்த முறை பின்பக்கத்திலேயே ரொம்ப நேரம் இருந்தார். விரல் மேல் ஓரத்தில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் போய்ப் போய் வந்தது.

"இதுவும் இல்ல."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பின்னாடி அப்படி என்னதாம்மா பாக்குற? எட்டு வருசமா நானும் பாக்குறேன்!" என்று கத்தியே விட்டேன்.

அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "ஆயுத பூசைக்கு அவங்கவங்க சாமானுக்குப் பொட்டு வப்பாங்கள்ல. ரப்பர் மரம் சீவுறவங்க உளிக்கு வப்பாங்க. ஒங்கப்பா சைக்கிளுக்கு வப்பாரு. எனக்கு என்னா சாமான் இருந்துச்சு? அந்த மேஜைதான். முன்னாடி வச்சா தொரசாணி அழுக்குன்னு தொடைக்கச் சொல்லும். அதான் பின்னாடி, மேல ஓரத்துல சந்தனம் கொழச்சு, குங்குமம் வச்சு ஒரு பொட்டு. வருசத்துக்கு ஒண்ணு."

"இத ஏம்மா முன்னாடியே சொல்லல?"

"சொன்னா நீயே ஒரு மேஜைக்குப் பொட்ட வச்சுட்டு, இதாம்மா அதுன்னு என்ன ஒக்கார வச்சிருப்ப. ஒன்ன எனக்குத் தெரியாதா?"

என் வீட்டுக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. துரைசாணி செய்யச் சொல்லியிருக்கக்கூடிய வேலையை நானே செய்து முடித்திருக்கிறேன். மறைக்கத் தெரியாமல், துரு என்று நினைத்து உப்புத்தாள் போட்டதைச் சொன்னேன். புள்ளிகள் வரிசையாக இருந்ததையும் சொன்னேன்.

அம்மா என்னைத் திட்டவில்லை. எழுந்து வந்தார். கண்ணில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

"எத்தன இருந்துச்சு?"

நான் எண்ணவில்லை. ஐந்தா, பத்தா என்றுகூடத் தெரியாது. ஆனால் அம்மா ஆயிரம் தடவை சொன்ன வார்த்தை காதில் இருந்தது. ஒன்பது வருஷம் துடைத்தேன் என்பாரே. வருஷத்துக்கு ஒன்று என்றால் கணக்கு சரியாகத்தானே வருகிறது? இதோ, ஒரு சொல் சொன்னால் அம்மா உட்கார்ந்துவிடுவார். என் இத்தனை வருஷ ஆசை.

"ஒம்போதும்மா" என்றேன்.

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த வெளிச்சம் போய்விட்டது.

"ஒன் தம்பி பொறந்த வருசம் பூசை அன்னிக்கு நான் ஆஸ்பத்திரில கெடந்தேன். நான் வச்சது எட்டுதான்."

எண்ணவில்லை, பொய் சொன்னேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் இனி நான் எதைச் சொன்னாலும் அம்மாவை உட்கார வைக்கச் சொல்கிற மாதிரிதானே இருக்கும்?

"அப்ப இது வேற ஒருத்தியோடது" என்றார் அம்மா. "எல்லா தோட்டத்துலயும் ஒரு ஆயா இருந்திருப்பால்ல. அவளும் என்ன மாதிரியேதான் ஒளிச்சு வச்சிருக்கா பாரேன். யாரு பெத்த புள்ளயோ."

சொல்லிக்கொண்டே முந்தானையை எடுத்து, கண்ணாடியில் என் விரல் பட்ட இடத்தைத் துடைத்தார். பழக்கதோஷம். பின்னால் நின்ற எனக்கு அந்தக் கண்ணாடியில் அம்மாவின் வயிறும் துடைக்கிற கையும் தெரிந்தன. ஸ்டூல் காலியாக இருந்தது.

பஸ் நிறுத்தத்துக்கு நடந்து போகும்போது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். அம்மா தம்பி பிள்ளைகளைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். பஸ் சீக்கிரமே வந்துவிட்டது. அப்புறம் எத்தனையோ தடவை பார்த்தோம், பேசினோம், தீபாவளிக்குப் பலகாரம் சுட்டோம். சொல்லவே இல்லை. நான் பொய் சொல்கிறேன் என்று அன்றைக்கே தெரிந்துதான் அம்மா அப்படிச் சொன்னாரோ என்றும் சில நாள் தோன்றும். கேட்கவும் பயம். நான்கு வருஷத்தில் அம்மா போய்விட்டார்.

மற்ற மேஜைகளை எல்லாம் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டேன். இது மட்டும் என்னிடம் இருக்கிறது. ஆயுத பூஜைக்கு மேஜையைத் தள்ளி, பின்பக்கம் மேல் ஓரத்தில் ஒரு பொட்டு வைக்கிறேன். அது அம்மாவுக்கா, முகம் தெரியாத அந்த இன்னொரு ஆயாவுக்கா என்று எனக்கே தெரியாது. அதற்கு முன்னால் உட்கார்ந்து தலை சீவுகிற வழக்கமும் எனக்கு இல்லை. "எண்ணலம்மா" என்று அன்றைக்கு ஒரே ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லியிருந்தால், அந்த ஸ்டூலில் அம்மா ஒரு தடவையாவது உட்கார்ந்து தன் முகத்தைப் பார்த்திருப்பார் என்ற ஏக்கம் இன்றும் என்னை விடவில்லை.