செக் பண்ண ஆளில்ல

இன்னிக்குக் காலைல காசிமேட்டு ஐஸ் ஃபேக்டரியாண்ட பஸ்ஸு நின்னுச்சு. அம்மோனியா வாடை குப்புன்னு ஏறுச்சு. எல்லாரும் மூக்கப் பொத்திக்கினாங்க. நான் மட்டும் நல்லா இழுத்து வுட்டேன். லூசுன்னு நெனச்சிருப்பாங்க. தப்பில்ல.

அந்தக் காலத்துல நான் இரும்பு வேலைக்குப் பிளான் வரைஞ்ச டிராயிங் ஆபீசு பூரா இதே வாடைதான் மாமு. டிரேசிங் பேப்பர்ல மையில வரைஞ்சு மிஷின்ல வுட்டா, அம்மோனியா பட்டு நீலக் கோடா காப்பி வரும். கண்ணு எரியும். மை கொட்டுனா பிளேடால சொரண்டணும். நான் சொரண்டுனா பேப்பர்ல ஓட்டை வுழும். கையால வரையறது சொர்க்கம்னு எவனாச்சும் கத வுட்டா நம்பாத. கம்ப்யூட்டர் வந்தப்ப மொதல்ல கும்புட்டவன் நான்தான்.

சேந்த புதுசுல பழைய டிரேசிங்க குப்புறப் போட்டு, அதும்மேல புதுத் தாள வெச்சு வரைஞ்சுட்டேன். எழுத்த மட்டும் அழகா நேரா எழுதிட்டேன். கடலோரத்து எண்ணெ டேங்க்கு ஏணி இடம் வலம் மாறிப்போச்சு. செக்கர் ஜெபமணி சாரு, தூத்துக்குடிக்காரரு. அவரு செவப்புப் பென்சில் படாம எதுவும் ஒர்க்‌ஷாப்புக்குப் போவாது. ஆபீசே கேக்கக் கத்துனாரு: "ஏலே, உன் ஏணில எறங்குனா ரோட்டுக்கா போவான்? கடலுக்குல்லா போவான்!"

போன வாரம் எங்க எர்ணாவூர் கம்பெனில ஸ்டெல்லா அதே தப்பப் பண்ணுச்சு. ராயபுரத்துப் பொண்ணு, கம்ப்யூட்டர் கோர்ஸ் முடிச்சு இப்பதான் சேந்துச்சு. இடது பக்கத்து இரும்பு பிராக்கெட்ட, கம்ப்யூட்டர்ல 'மிரர்' அமுக்கித் திருப்பி வலதாக்குச்சு. எது இடது, எது வலதுன்னு பேர மாத்திப் போட்டுருச்சு. அதப் பாத்து இரும்ப வெட்டிட்டாங்க, அத்தினியும் வேஸ்ட்டு. மொதலாளி நாளைலேர்ந்து வராதன்னுட்டாரு.

"யாரு சார் செக் பண்ணது?"ன்னேன்.

"அதான் போட்டுக்கீதே, பாரு."

டிராயிங் மூலைல ரெண்டு கட்டம். வரைஞ்சது ஸ்டெல்லா. செக் பண்ணதும் ஸ்டெல்லா.

"ஒரே ஆளு எப்டி சார்?"

"கம்ப்யூட்டர் வாங்கிக் குடுத்துக்கீறேன். செக்கருக்கு வேற தெண்டச் சம்பளமா?"

"அப்ப அந்தக் கம்ப்யூட்டர வூட்டுக்கு அனுப்பு சார்!"

"நீ உன் வேலைய பாரு."

வந்த கோவத்துக்கு மவுஸத் தூக்கி அடிச்சிருப்பேன். வயரு குட்டை.

ஸ்டெல்லா டிபன் பாக்ஸ எடுத்துக்கினு, "வர்றேண்ணா"ன்னுச்சு. எங்க வர்றது? ஜெபமணி சாரு கத்துன கத்துல எனக்கு மானம்தான் போச்சு. டிராயிங் என் டேபிளுக்கே திரும்பி வந்துச்சு, மறுபடி வரைஞ்சேன். இந்தப் பொண்ணுக்கு அப்டிக் கத்த ஒருத்தன் இல்ல மாமு.