அவர் குடித்திருக்கவில்லை

முருகையன் அண்ணன் இறந்துவிட்டார். நேற்றுக் காலை, பஸ் ஸ்டாண்டில். வலிப்பு வந்து விழுந்திருக்கிறார்... குடித்துவிட்டுக் கிடக்கிறார் என்று எல்லோரும் விலகிப் போயிருக்கிறார்கள்.

பட்டப்பகல். அவ்வளவு கூட்டம். ஒருவருக்குக்கூட 108-க்கு போன் செய்யத் தோன்றவில்லை. வீடியோ எடுக்க மட்டும் ஒருத்தருக்குத் தோன்றியிருக்கிறது. நாசமாய்ப் போக.

நன்னிலம் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் நானும் அவரும் ஒன்றாக வேலை பார்த்தோம். லாரியில் மூட்டை அடுக்கும்போது மேலிருந்து தலைகுப்புற விழுந்தார். ஆபரேஷன் முடிந்து எழுந்து நடந்ததும் "பொழச்சுக்கிட்டாரு" என்றது ஊர்.

மூளையில் பட்ட அடி வெளியே தெரியாதே... நடை தள்ளாடும், பேச்சு குழறும், எப்போதாவது வலிப்பும் வரும். பேசும்போதே வார்த்தை மறந்து நிற்பார்.

அறுவடைக்காகத் தண்ணீரை வடித்துக் காயவிட்டிருந்த தன் குத்தகை வயலில், மறுநாளே மடையைத் திறந்துவிட்டார். வடித்ததே அவருக்கு நினைவில்லை. அறுவடை மெஷின் இறங்க முடியாமல் ரோட்டிலேயே நின்றது. அன்றைக்கு அண்ணன் அழுததைப் பார்த்தேன்.

மாற்றுத்திறனாளி அட்டைக்காக அவரை முகாமுக்கு அழைத்துப் போனேன். டாக்டர் கையைத் தூக்கச் சொன்னார், காலை மடக்கச் சொன்னார். "நல்லாத்தானே இருக்கீங்க."

அண்ணன் கொஞ்சநேரம் வார்த்தை தேடினார். "கை நல்லாத்தான் இருக்கு சார். அந்தக் கைதானே மடையைத் தொறந்துச்சு."

டாக்டருக்குப் புரியவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

அதற்குப் பிறகு அண்ணன் விடவில்லை. கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டம் என்றால் அங்கே நிற்பார். தனக்கு மட்டும் கேட்கவில்லை, தலையில் அடிபட்ட எல்லோருக்கும் கேட்டார். மறதியையும் வலிப்பையும் கணக்கில் எடுங்கள். டெல்டாவிலேயே ஒரு மறுவாழ்வு மையம் கொடுங்கள். இப்படி ஒருவன் விழுந்து கிடந்தால் என்ன செய்வது என்று போலீசுக்கும் கண்டக்டருக்கும் சொல்லிக் கொடுங்கள்.

ஒருமுறை வாசலில் நின்ற போலீஸ்காரரே "ஊதுய்யா" என்றார். அண்ணன் ஊதினார். "இதையும் சேர்த்து உள்ள சொல்றேங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பரிசீலனையில் இருக்கிறதாம்... பரிசீலித்துக்கொண்டே இருங்கள். ஆள் போயாச்சு.

இன்று அடக்கம் முடிந்து வீட்டில் உட்கார்ந்திருந்தோம். அங்கேயும் ஒரு பெரியவர் என் காதில், "சரக்கா தம்பி?" என்கிறார். வாயை மூடுங்க என்று கத்திவிட்டேன். வருத்தமெல்லாம் ஒன்றும் இல்லை.

அண்ணனின் மனைவி அமுதா அண்ணி என்னைக் கூப்பிட்டார்.

"பதினாறு முடியுற வரைக்கும் வாசப்படி தாண்டக் கூடாதுங்கறாங்க தம்பி. வர்ற திங்கக்கிழமை கூட்டம் இருக்குல்ல... நான் போறேன். வண்டி எடுத்துட்டு வந்துடு."

சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். அண்ணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

காலையிலேயே வந்துடுறேன் அண்ணி.

நீங்க போயிட்டு வாங்கண்ணே...