ரெம்பியாவில் கேட்ட ‘அடா’

கடல் கடந்து போனாரையும் காட்டில் உழைப்பாரையும் ஒருசேரக் காக்கும் கந்தவேளின் கழல் இவ்வெழுத்துக்கும் துணை நிற்க.

யுவ ஆண்டு ஆவணித் திங்கள், வளர்பிறைத் தசமி நாளில், காலை ஒன்பது மணிக்குப் புலாவ் செபாங்கில் புகைவண்டியை விட்டு இறங்கினேன். ரெம்பியாவை அடுத்த தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கு ஆசிரியனாகப் போகிறேன். நிலையத்திலிருந்து பன்னிரண்டு கல் தொலைவு. மாட்டுவண்டியில் ஐந்து மணி நேரம். இருபுறமும் ரப்பர்ப் பால்மரங்கள் ஒரே அளவாய் நின்றன. பார்க்க வேறொன்றும் இல்லை.

உடன் வந்தவர் காத்தமுத்து. என் வயதினர். நாகப்பட்டினத்தில் ஏறிய நாள் முதல் கப்பலில் எனக்கு அடுத்த பாயில் படுத்து வந்தவர். கையெழுத்துப் போடத் தெரியாது. தோட்டத்தில் அவருக்கு வண்டியோட்டும் வேலை.

பாதி வழியில் ஒரு மலாய்க் கடையில் நின்றோம். காத்தமுத்து கையைக் குவித்து வாயருகே கொண்டுபோனார். கடைக்காரி ‘ஆயர்’ என்று சொல்லிச் செம்பை நீட்டினாள். ஆயர் என்றால் எனக்குக் கண்ணனின் சுற்றத்தார். அவருக்கோ அந்தக் கணமே தண்ணீர். அடுத்த கடையில் அவர் ‘ஆயர்’ என்று கேட்டே வாங்கினார். அவர் வாங்கித் தந்த நீரைத்தான் நானும் குடித்தேன்.

மூன்றே மாதத்தில் மருத்துவமனைக்குப் போவோரும் தபால் அனுப்புவோரும் மலாயில் பேசித் துணை நிற்கக் காத்தமுத்துவைத் தேடி வந்தார்கள். மாலையில் நான் பதிகம் பாடுவேன். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து மக்கள் கைகூப்பிக் கேட்பார்கள். பாட்டு முடிந்ததும் எழுந்துபோய் அவரைச் சுற்றி உட்காருவார்கள். எனக்குப் பொறாமை. அதற்கு மெல்லிய பெயர் தேடப் போவதில்லை. ஆயிரம் பாடல் மனப்பாடமான நெஞ்சுக்கு மலாய் எம்மாத்திரம் என்று ஒரு குறிப்பேடு வாங்கினேன். நிகண்டு கற்ற பழக்கத்தில் தெய்வப் பெயர், மக்கட் பெயர், மரப் பெயர் என வகுத்து, இருநூறு பெயர்ச்சொற்களை உருப்போட்டேன்.

தைப்பூசம் நெருங்கியது. ஆற்றங்கரையிலிருந்து காவடிகள் தோட்டத்துக் கோயிலுக்கு வரும் பாதை, கம்பம் எனப்படும் மலாய்க் கிராமத்தின் நடுவே செல்கிறது. அவ்வூர்த் தலைவரான பெங்குலுவின் இசைவு வேண்டும். இல்லையேல் அவ்வாண்டு காவடி இல்லை. காத்தமுத்து போகட்டும் என்றார்கள் எல்லாரும். அவருடையது சந்தைப் பேச்சு, பெரியவரிடம் முறையாகப் பேச நானே போகிறேன் என்றேன்.

காலை எட்டு மணிக்கு இரண்டு கல் நடந்து போனேன். தூண்கள்மேல் நின்ற வீட்டின் படியில் ஒரு கிழவர் பாக்குச் சீவிக்கொண்டிருந்தார்.

“துவான் பெங்குலு?” என்று, ஐயா என்னும் மரியாதைச் சொல்லை முன்வைத்துக் கேட்டேன்.

“அடா,” என்றார் அவர்.

கேட்டது பிழையோ என்று மறுபடியும் சொன்னேன். “அடா, அடா,” என்று சொல்லிக் கட்டைவிரலையும் நீட்டிக் காட்டினார். ஐம்பத்திரண்டு வயதில் என்னை ஒருவர் ‘அடா’ என்றதும் இல்லை, கட்டைவிரல் காட்டிப் பழித்ததும் இல்லை. திரும்பி நடந்தேன்.

நடந்ததை லயத்தில் ஒரு சொல்தான் சொன்னேன்: அவமதித்தார்கள். அதற்கே சிலர், கேட்காமலே அவ்வழியில் போவோம், தடுத்தால் பார்த்துக்கொள்வோம் என்று எழுந்துவிட்டார்கள்.

காத்தமுத்து என்னை மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் அழைத்துப் போனார்.

“வாத்தியாரய்யா, அவரு வாயால சொன்னத அப்படியே சொல்லுங்க.”

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“அடான்னா ‘இருக்காரு’ன்னு அர்த்தம்லா. உள்ள இருக்காரு, போங்கன்னு காட்டியிருக்காரு. இங்க சுட்டுவெரல நீட்டுனாத்தான் தப்பு, கட்டவெரலு மருவாதிக்கு.”

என் இருநூறு சொற்களில் ஒரு வினைச்சொல்கூட இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அவர் லயத்துக்குத் திரும்பி, “வாத்தியாரய்யா இன்னிக்குச் சரியான ஆளப் பாக்கல. நாளைக்கு மறுபடியும் போறாரு. நான் சும்மா வண்டி ஓட்டிக்கிட்டுப் போறேன்,” என்று மட்டும் சொன்னார். என் பிழையை ஊரறியச் சொல்லிச் சிரித்திருந்தால் அவரை வெறுக்க ஒரு காரணமாவது கிடைத்திருக்கும். அதையும் அவர் தரவில்லை.

மறுநாள் காத்தமுத்து வேலிக்கு வெளியே மாடுகளோடு நின்றுகொண்டார். நான், “துவான் பெங்குலு அடா?” என்றேன். “அடா,” என்று அதே கிழவர் அதே விரலைக் காட்டினார். பெங்குலு வந்து அமர்ந்தார். என் பெயர்ச்சொற்கள் கோயில், ஆறு, சாலை என்பதோடு தீர்ந்தன. வாசலைப் பார்த்துக் காத்தமுத்துவைக் கூப்பிட்டேன். கால்மணி நேரத்தில் இசைவு கிடைத்தது. தொழுகை இல்லத்தைக் கடக்கும்போது மட்டும் மேளம் நிற்க வேண்டும்.

பூசத்தன்று நான் பாடிக்கொண்டு முன்னே போனேன். எனக்கும் முன்னே, மேளத்தை நிறுத்தக் கைகாட்டியபடி காத்தமுத்து போனார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே பாடியதால் ஓரிடத்தில் அடி தவறியது. யாரும் கவனிக்கவில்லை, பாடப்பட்டவன் கவனித்திருப்பான். கோயில் சந்நிதியில் திரை விலகியதும், வாழ்நாளெல்லாம் ‘உளன்’ என்று பாடிய நாவில் ‘அடா’ என்ற சொல் தானே வந்தது. அவ்வொன்றையும் கற்றுத் தந்தவர் அவரே என்ற எண்ணமும் கூடவே வந்தது.

மறுநாள் குறிப்பேட்டில் வினைச்சொல் என்று புதிய பக்கம் தொடங்கி ‘அடா’ என எழுதினேன். இரண்டாம் சொல் கேட்கக் காத்தமுத்துவின் வீட்டுக்குப் போனேன். நான் மையைத் தொடுமுன் ஐந்து சொன்னார். பொறுக்கவில்லைதான், ஐந்தையும் எழுதிக்கொண்டேன்.

இதைப் படிப்போர் இறைவன் வாசலில் நின்று எதை வேண்டினாலும், அவர்தம் வாசலில் நின்று எவர் எதைக் கேட்டாலும், ‘அடா’ என்னும் மறுமொழியே பிறக்க வேலவன் அருள்க.