கண்ணாடிக் கூட்டில் ஒரு சீட்டு

கட்டிலின் மேல் ஏறி நின்று, உதட்டோரம் டேப் துண்டுகள் நான்கைத் தொங்கவிட்டபடி, டப்பா அக்கா ஒரு சீட்டைச் சுவரின் இடது மூலையிலிருந்து பிய்த்து வலது மூலையில் ஒட்டினாள். இறங்கிக் கதவுவரை போய்த் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். மறுபடி கட்டிலேறி அதைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தாள். காலையிலிருந்து இது ஏழாவது தடவை.

படுக்கையறைச் சுவர் முழுக்கச் சீட்டுகள். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு. அந்த அறையில் மின்விசிறி சுற்றி இரண்டு வருடமாகிறது. சுற்றினால் ஆராய்ச்சி பறந்துவிடும். லிப்ட் பழுதுபார்க்கும் அவள் வீட்டுக்காரர் பழைய காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டே வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்: "எல்லாரும் படிச்சுப் பட்டம் வாங்குவாங்க. இவ என்னை ஆவியில அவிச்சுப் பட்டம் வாங்கப் போறா."

டப்பா அக்கா என்று பெயர் வைத்தவள் நாத்தனார். ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை போட்டுவிட்டு, நியாயம் கேட்க அண்ணியிடம் வந்தாள். அண்ணி மின்கட்டண ரசீதின் பின்பக்கத்தில் இரண்டு கட்டம் போட்டு, நடுவில் ஓர் அம்பு இழுத்து, "இது காரணம், இது விளைவு. நடுவுல ஏதோ ஒண்ணு விட்டுப்போச்சு, அதைச் சொல்லு" என்றாள். நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். "சண்டைக்கு வாங்க அண்ணின்னா, படம் வரைஞ்சு பாகம் குறிக்கிறீங்களே! டப்பா டப்பாவா போடுறீங்க, டப்பா அக்கான்னுதான் உங்களைக் கூப்பிடணும்." அன்றிலிருந்து தெருவே அப்படித்தான் கூப்பிடுகிறது.

மேலாண்மைத் துறையில் முனைவர் பட்டத்துக்கான ஆய்வு, ஆறு வருடமாக. பெரிய மருத்துவமனை ஒன்றின் சலவைப் பிரிவில் வேலை செய்கிறவர்கள், கண்ணெதிரே ஒரு தவறு நடந்தாலும் ஏன் மேலே சொல்வதில்லை என்பது கேள்வி. அவர்கள் சொன்ன ஒவ்வொரு பதிலையும் ஒரு சீட்டில் எழுதி, ஒரே ஜாடையில் இருக்கிறவற்றை ஒன்றாகச் சேர்த்து, சேர்ந்த கூட்டத்துக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும். அந்தப் பெயர்தான் கருத்துரு. கருத்துருக்களைக் கட்டத்துக்குள் வைத்து அம்பால் இணைத்தால் சட்டகம். அவளுடைய சட்டகத்தில் நான்கு கட்டங்கள்: வேலை போய்விடும் என்ற பயம், மேலாளர் மேல் பயம், கூட இருப்பவர்கள் என்ன சொல்வார்களோ என்ற பயம், அவமானத்துக்குப் பயம். நான்கிலிருந்தும் அம்புகள் ஓடி 'மௌனம்' என்ற ஐந்தாவது கட்டத்தில் குத்துகின்றன.

அம்புகள் நெறியாளருக்குப் பிடித்தமானவை. துறையில் அவரை அம்பு சார் என்பார்கள். "அம்பு இல்லாத டப்பா அநாதைம்மா" என்பார். அவருடைய செருப்புச் சத்தம் தாழ்வாரத் திருப்பத்தில் கேட்கும்போதே இவள் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவாள். அவரிடம் தொலைபேசியில் பேசுவதென்றால், "வணக்கம் சார், நல்லா இருக்கீங்களா சார்" என்பதைக்கூட முன்னதாகத் தாளில் எழுதி வைத்துக்கொள்வாள். அவர் என்ன சொன்னாலும் இவள் பதில், "சரிங்க சார்." எழுதி வைத்த தாளில் அதற்குக் கீழே வேறெதுவும் இருக்காது.

ஆய்வை மதிப்பிடும் குழுவின் முன் இரண்டு முறை நின்றாகிவிட்டது. முதல் முறை, "மௌனம்னா என்ன, ஊமையா?" என்று சிரித்துத் திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் முறை கட்டங்கள் பதினொன்று இருந்தன. "இது சட்டகமா, தேன்கூடா?" என்றார்கள். மூன்றாம் முறையும் தேறாவிட்டால் பதிவு ரத்து. ஆறு வருடமும் போனது போனதுதான். அந்த மூன்றாம் முறை இன்று பிற்பகல்.

ஆனால் அவளை ஏழு தடவை கட்டிலேற வைத்தது சுவரில் இருக்கும் சீட்டு எதுவுமில்லை. இருநூற்றுப் பதின்மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதை எட்டாக மடித்துத் தன் மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்திருக்கிறாள்.

அதிலுள்ள பதிலைச் சொன்னவள் படுக்கை விரிப்பு மடிக்கிற ஓர் அம்மாள். கடைசி நாளில் கடைசியாகப் பேசியவள். விரிப்புக்குள் கிடந்த ஊசி அவள் உள்ளங்கையில் ஏறியிருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை. "பயமாம்மா?" என்று இவள் கேட்டாள். அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பயமா? எனக்கென்ன பயம் டீச்சரம்மா? இருபது வருஷத்துல யாராவது வந்து கேட்டாத்தானே சொல்றதுக்கு? நீங்கதான் மொதமொதல்ல கேக்குறீங்க." சொல்லிவிட்டு அடுத்த விரிப்பை உதறினாள்.

பயமே இல்லை என்பவளை எந்தப் பயத்துக்குள் அடைப்பது? நான்கிலும் வைத்துப் பார்த்தாள். உட்காரவில்லை. நூற்றில் ஒன்றுகூட இல்லையே, போகட்டும் என்று எடுத்து மடித்தாள். மடித்த பிறகுதான் தன் கேள்வியையே யோசித்துப் பார்த்தாள். மற்ற எல்லாரிடமும் "பயமா?" என்று இவளே எடுத்துக்கொடுத்துத்தானே கேட்டாள்? ஆமாம் என்றவர்கள் பயத்தில் சொன்னார்களா, படித்தவள் கேட்கிறாளே என்று தலையாட்டினார்களா? ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். இவளுடைய ஒரு சோறு வேகாமல் கூட்டுக்குள் கிடந்தது. படிக்கக் கண்ணாடியை எடுக்கும்போதெல்லாம் விரலில் இடறியது. அம்பு சாரிடம் சொல்லவில்லை. வீட்டுக்காரரிடம்கூட.

"முகமே சரியில்லையே. என்ன?" என்றார் அவர், செருப்பை மாட்டிக்கொண்டே.

"ஒண்ணுமில்லைங்க."

"எட்டாவது மாடியில லிப்ட் நின்னா உள்ள இருக்கிறவன் கத்துவான். நீ உள்ளேயே உக்காந்து ஒண்ணுமில்லைங்கிற ரகம்."

பிற்பகல், குழு கூடிய அறையில் நான்கு பேர் இருந்தார்கள். தலைக்கு மேல் மின்விசிறி கடகடவென்று சுற்றியது. அம்பு சார் சொன்னபடி பெரிய அட்டையில் வரைந்து கொண்டுவந்த சட்டகத்தைப் பலகையில் மாட்டி, மூலைகளில் ஆணி குத்தியிருந்தாள். கட்டம் கட்டமாகச் சொல்லி முடித்தாள். யாரும் சிரிக்கவில்லை. துறைத் தலைவர், "இப்பதான் ஒரு உருவத்துக்கு வந்திருக்கு" என்றார். அம்பு சாரின் முகம் மலர்ந்தது. எழுந்து போக வேண்டியதுதான் பாக்கி.

வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மாள் அதுவரை வாயே திறக்கவில்லை. குடித்த தம்ளரைக் கீழே வைத்தார்.

"எல்லாம் அழகா உள்ள உக்காந்திருக்கு. எதுலயும் உக்கார மாட்டேன்னு அடம் பிடிச்சது ஏதாவது உண்டாம்மா?"

"இல்ல மேடம், எல்லாம் அடங்கிடுச்சு" என்றார் அம்பு சார்.

"நான் அவங்களைக் கேட்டேன்."

கதவு எங்கே இருக்கிறதென்று டப்பா அக்காவின் கண் தேடியது. சரிங்க சார் என்ற சொல் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. ஆறு வருடத்தில் இதை அவளிடம் யாரும் கேட்டதில்லை.

கைப்பையைத் திறந்தாள். கண்ணாடிக் கூட்டைத் திறந்தாள். எட்டு மடிப்பையும் பிரிக்க நெடுநேரம் ஆனது. "என்னம்மா அது?" என்று அம்பு சார் பாதி எழுந்தார். அவள் திரும்பாமல் பலகைக்குப் போனாள். கட்டங்களுக்கும் அம்புகளுக்கும் வெளியே, அட்டையின் வெற்றோரத்தில் சீட்டை வைத்தாள். டேப் கொண்டுவரவில்லை. ஆணியும் மிச்சமில்லை. மின்விசிறிக் காற்றில் அது எழும்பப் பார்த்தது. கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, முகத்தை அவர்கள் பக்கம் திருப்பி நின்றாள். விரலுக்கடியில் காகிதம் படபடத்தது. அவள் விரலை எடுக்கவில்லை.