உப்புத்தாள் தேய்த்த குழாய்

என் மேசைமேல் ஒரு சாண் நீள எஃகுக் குழாய்த் துண்டு கிடக்கிறது. தடவினால் விரலில் சொரசொரவென்று உரசும். பார்க்கிறவர்களுக்கு அது பழைய இரும்பு. எனக்கோ அதைத் தொட்டாலே இன்றைக்கும் வயிறு எரிகிறது.

எண்பதுகளின் தொடக்கத்தில், மதுரையில் ஒரு பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில், எனக்கு மூத்தவராக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த அக்கா தேய்த்தது அது. ஆனையூரிலிருந்து பஸ் பிடித்து வந்து நாள் முழுக்க உப்புத்தாளும் கையுமாக உட்கார்ந்திருப்பார். அணு உலையில் எரிபொருளை அடைத்திருக்கும் குழாயைச் சுற்றித் தண்ணீர் கொதித்து, அதன் சூட்டை வாங்கிக்கொண்டு போகவேண்டும். குழாய் வழவழவென்றிருந்தால் குமிழி கிளம்பத் தோதில்லை, குழாய்தான் சூடேறும். கீறல் இருந்தால் குமிழி பொலபொலவென்று கிளம்பும், குழாய் அவ்வளவு காயாது. "பால் சட்டியப் பாருப்பா, கீறல் விழுந்த எடத்துலதான மொதக் கொப்புளம் வருது?" என்பார். அதே மாதிரிக் குழாய்களை ஆய்வகத்தில் தண்ணீருக்குள் வைத்து மின்சாரத்தால் காய்ச்சி, எவ்வளவு சொரசொரப்புக்கு எவ்வளவு சூடு என்று அளப்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. தலைப்பே அதுதானய்யா!

அந்தத் தலைப்புக்குக் கையெழுத்துப் போட்ட வழிகாட்டி எங்கள் துறைத்தலைவர். பட்டம் கொடுக்கலாமா என்று பார்க்க வெளியூர்ப் பேராசிரியர்கள் வருகிறார்கள் என்றதும், ஆய்வகம் பளிச்சென்று இருக்கவேண்டும் என்ற ஒரே நினைப்புதான் அந்த மனிதருக்கு. அக்கா இல்லாத நேரத்தில் குழாய்களை எல்லாம் கப்பலூர்ப் பட்டறைக்கு அனுப்பி, பாலீஷ் போட்டு வாங்கி மாட்டிவிட்டார். காலையில் வந்த அக்கா தடவிப் பார்த்துவிட்டு, "என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க?" என்று அலறினார். "மொகம் பாக்கலாம் போல இருக்குல்லம்மா?" என்றார் அவர், பெருமையாக. படித்த மனுஷன் பேசுகிற பேச்சா இது?

அதற்குப் பிறகு நடந்ததுதான் அநியாயம். வந்தவர்கள் கண்ணெதிரே குழாய் கன்னாபின்னாவென்று சூடேறியது. ஆய்வேட்டில் எழுதியிருந்த எதுவும் ஒத்துவரவில்லை. "இதெல்லாம் கற்பனையா எழுதுனதா?" என்று ஒருவர் கேட்டார். துறைத்தலைவர் வாயைத் திறக்கவில்லை. பாலீஷ் போட்ட விஷயத்தை நான் எழுந்து சொன்னேன். "நீ வெளிய போ" என்றார் துறைத்தலைவர். "ஒரு வாரம் குடுங்க சார், மறுபடி தேய்ச்சுக் காட்டுறேன்" என்று அக்கா கெஞ்சியதை யாரும் காதில் வாங்கவில்லை. பொய்க்காரி என்ற பெயரோடு அவரை அனுப்பினார்கள். சொரசொரப்பை அளக்க முன்னமே வெட்டி வைத்திருந்த இந்தத் துண்டை என் கையில் கொடுத்து, "வாரேன்ப்பா" என்றார். வரவே இல்லை.

போன மாதம் அந்தத் துறைத்தலைவருக்குப் பாராட்டு விழா நடத்தினார்கள். ஆராய்ச்சியை வளர்த்தவராம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இன்று காலை வீட்டு வேலைக்கு வருகிற பெண் இந்தத் துண்டைத் தேங்காய் நாரால் தேய்க்க எடுத்தாள். "கீழ வையி!" என்று கத்திவிட்டேன். மிரண்டுபோனாள்.

"என்னண்ணே, கீறல் விழுந்த கொழாய்க்கா இம்புட்டுக் கோவம்?"

"அந்தக் கீறல்லதாம்மா ஒருத்தி படிப்பே இருந்துச்சு" என்றேன்.